வலிக்கு மாத்திரை மட்டும் போதாது, 'பாடமும்' வேணும்: 3 மாதம் தாண்டிய வலி பற்றி மருத்துவ உலகம் என்ன சொல்கிறது?

"டாக்டர், ஸ்கேன்ல ஜவ்வு வெளிய வந்திருக்குன்னு போட்டிருக்கு. இனிமே நான் குனியவே கூடாதா?"

எந்த ஊர் எலும்பு மருத்துவரின் ஓ.பி.யில் போய் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் கையில் பெரிய எம்.ஆர்.ஐ. கவர் இருக்கும். இடுப்பில் ஏற்கெனவே பெல்ட் இருக்கும். பையில் பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டையும் ஒரு ஜெல் டியூபும் கிடக்கும். வலி ஆரம்பித்து ஆறு மாதமோ, இரண்டு வருஷமோ ஆகியிருக்கும்.

அவருக்குப் பதில் சொல்ல டாக்டருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? பல நாடுகளில் ஒரு நோயாளியோடு மருத்துவர் செலவிடும் நேரத்தைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் 'பி.எம்.ஜே. ஓப்பன்' இதழில் வந்தது. ஸ்வீடனில் 22.5 நிமிடம். வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் சுமார் 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் மாத்திரை எழுதலாம், ஸ்கேன் எழுதலாம், பெல்ட் எழுதலாம். 'நான் குனியலாமா?' என்ற கேள்விக்கு உருப்படியான பதில் சொல்ல முடியாது.

சிக்கல் என்னன்னா, நாள்பட்ட வலியில் அந்தப் பதில்தான் சிகிச்சையின் முக்கியமான பகுதி என்று இப்போது மருத்துவ உலகம் சொல்கிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நோயாளிக்கு வலி பற்றி முறையாகக் கற்றுக்கொடுப்பதும், திட்டமிட்ட உடற்பயிற்சியும் அதில் பரிந்துரைக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, கரன்ட் வைக்கும் டென்ஸ் கருவி ஆகியவை வழக்கமாகத் தர வேண்டாம் என்ற பட்டியலில் இருக்கின்றன.

நம்ம ஊரில் எது நடக்கிறது, எது நடப்பதில்லை என்று யோசித்துப் பாருங்கள். பட்டியல் அப்படியே தலைகீழாக இருக்கும்.

அப்படியென்ன 'நாள்பட்ட வலி'?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, அல்லது போய்ப் போய்த் திரும்ப வரும் வலி. இதுதான் கணக்கு. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலிக்குத் தனி இடம் கொடுக்கப்பட்டது. அதாவது, வேறு ஏதோ நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்கப்பட்ட வலி, சில நேரங்களில் தானே ஒரு நோய் என்று ஏற்கப்பட்டது.

எத்தனை பேருக்கு இருக்கிறது? இடுப்பு வலியை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடி பேருக்கு அது இருந்ததாக மதிப்பீடு. 2050-ல் 84.3 கோடியாகும் என்கிறார்கள். மூட்டு வலி, கழுத்து வலி, சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சல், சிக்குன்குனியா வந்துபோன பிறகும் விடாத மூட்டுப் பிடிப்பு எல்லாம் இதற்கு மேல்.

கால் சுளுக்கினால் வலிப்பது நல்லது. அந்த வலி இல்லையென்றால் அதே காலில் ஓடி இன்னும் கெடுத்துக்கொள்வோம். காயம் ஆறும், வலியும் போகும். நாள்பட்ட வலியில் நடப்பது வேறு. காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கை மணியை அடிப்பதை நிறுத்துவதில்லை.

தீபாவளி அன்று தெருவில் நிற்கும் கார்களைக் கவனித்திருக்கிறீர்களா? திருடனைப் பிடிக்க வைத்த அலாரம், பக்கத்துத் தெரு பட்டாசுக்கும் அலறும். கார் கெட்டுப்போகவில்லை, கண்ணாடியும் உடையவில்லை. அலாரம் மட்டும் ரொம்ப உஷாராக இருக்கிறது. நாள்பட்ட வலியில் தண்டுவடமும் மூளையும் கிட்டத்தட்ட அந்தக் கார் மாதிரி ஆகிவிடுகின்றன. லேசாகத் தொட்டால்கூட வலிக்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலிக்கும், முன்பு வலிக்காத இடத்திலும் பரவும். அப்போது பிரிட்டனில் பணியாற்றிய கிளிஃபோர்ட் ஊல்ஃப் என்ற விஞ்ஞானி 1983-லேயே தண்டுவடத்தில் இப்படி உணர்திறன் கூடுவதை ஆய்வில் காட்டியிருந்தார்.

ஆணி குத்தவே இல்லை, ஆனா வலி நிஜம்

1995-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்தபோது 15 செ.மீ. ஆணி மேல் கால் வைத்துவிட்டார். பூட்ஸைத் துளைத்து ஆணி மேல் பக்கம் வெளியே தெரிந்தது. கொஞ்சம் அசைத்தாலும் துடித்தார். மயக்க மருந்து கொடுத்து ஆணியை உருவி, பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் நடித்தாரா? இல்லை. ஆபத்து என்று மூளை முடிவு செய்தது, வலியை உண்டாக்கியது. அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி, வலி பற்றிய நோயாளிக் கல்வியில் உலகம் அறிந்த ஆய்வாளர். டேவிட் பட்லர் என்ற பிசியோதெரபிஸ்ட்டோடு சேர்ந்து, வலியை நோயாளிகளுக்கே விளக்கிச் சொல்லும் புத்தகத்தை 2003-ல் எழுதினார். அவர் மேடைகளில் சொல்லும் சொந்த அனுபவம் ஒன்று. காட்டுப்பாதையில் நடக்கும்போது காலில் ஏதோ உரசியது. சுள்ளி என்று நினைத்து உதறிவிட்டுப் போனார். பெரிதாக வலிக்கவில்லை. கடித்தது கொடிய விஷமுள்ள பழுப்புப் பாம்பு. பிழைத்ததே பெரிய விஷயம். ஆறு மாதம் கழித்து வேறொரு நடைப்பயணத்தில் அதே மாதிரி காலில் உரசியது. இந்த முறை உயிர் போகும் வலி. குனிந்து பார்த்தால் வெறும் சுள்ளி!

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்ம ஊரில் சொல்வதை அந்த மனிதர் காலில் உணர்ந்திருக்கிறார்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன் 1990-களில் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு, இல்லாத அந்தக் கையில் வலி இருக்கும். ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கை மாதிரி காட்டினார். சிலருக்கு அந்த வலி குறைந்தது. மூளைக்குக் கிடைக்கும் தகவல் மாறினால் வலியும் மாறலாம் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி இல்லை.

இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. 'மூளைதான் வலியை உண்டாக்குது' என்று டாக்டர் சொன்னதும், நோயாளி காதில் விழுவது 'எல்லாம் உன் மனசுலதான், நடிக்கிற' என்பதுதான். குறிப்பாகப் பெண்கள் வீட்டில் ஏற்கெனவே இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். 'வேலை செய்ய வணங்கலை, அதான் இடுப்பு வலிங்கிறா' என்ற பேச்சு எத்தனை வீடுகளில் உண்டு! சர்வதேச வலி ஆய்வுக் கழகம் 2020-ல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று தனியாகவே எழுதி வைத்தது. எனவே பாடத்தின் முதல் வரி, 'உங்க வலி நிஜம். நான் நம்புறேன்' என்பதாக இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் மூளை, நரம்பு என்று ஆரம்பித்தால் அந்த நோயாளி அடுத்த முறை வர மாட்டார்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கிற பயம்

நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை அதிகம் முடக்குவது வலியா, ஸ்கேன் ரிப்போர்ட்டா என்று கேட்டால் பல நேரம் ரிப்போர்ட் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

2015-ல் அமெரிக்க நரம்புக் கதிரியக்க இதழில் வந்த ஆய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 40 வயதில் 68 சதவீதம், 50 வயதில் 80, 80 வயதில் 96. டிஸ்க் புடைப்பு, அதாவது நம்ம ஊரில் 'ஜவ்வு விலகிடுச்சு' என்று சொல்வது, வலி இல்லாத 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இருந்தது.

அதாவது, தெருவில் நன்றாக நடந்துபோகிற பத்து ஐம்பது வயதுக்காரர்களைப் பிடித்து ஸ்கேன் எடுத்தால் எட்டுப் பேருக்குத் 'தேய்மானம்' என்று வரும். தலை நரைப்பதைப் போன்ற சங்கதி அது. நரைத்த தலை வலிக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

எல்லா ஸ்கேனும் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் 'தேய்ஞ்சு போச்சு', 'கிழிஞ்சிருக்கு', 'அறுபது வயசு முதுகு மாதிரி இருக்கு' போன்ற வார்த்தைகள் ஒருவர் வாழ்க்கையை மாற்றிவிடும். அதைக் கேட்டவர் குனியப் பயப்படுகிறார். தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை, பேரக்குழந்தையைத் தூக்குவதில்லை, கல்யாண வீட்டில் தரையில் உட்கார்வதில்லை. அசையாததால் தசை பலவீனமாகிறது. பலவீனமானதால் கொஞ்சம் அசைந்தாலே வலிக்கிறது. 'பார்த்தியா, டாக்டர் சொன்னது சரிதான்' என்று பயம் உறுதியாகிறது. இந்தச் சுழலில் மாட்டியவருக்கு எத்தனை மாத்திரை கொடுத்தாலும், பயத்தைத் தொடாமல் வெளியே கொண்டுவர முடியாது.

சரி, பாடத்தில் என்னதான் சொல்லிக்கொடுப்பாங்க?

பொங்கலுக்கு முந்தின வாரத்தை எடுத்துக்கொள்வோம். நாலு நாளாக முதுகு வலி குறைவாக இருக்கிறது ஒரு அம்மாவுக்கு. 'இன்னைக்கு நல்லாருக்கே' என்று ஒட்டடை அடித்து, பரணில் இருந்த பாத்திரத்தை இறக்கித் தேய்த்து, எல்லாப் போர்வையையும் ஒரே நாளில் துவைத்துப் போட்டுவிடுகிறார். அடுத்த மூன்று நாள் படுக்கை. நாலாவது நாள் கொஞ்சம் குறைகிறது, விட்ட வேலையைப் பிடிக்க மறுபடி ஒரே மூச்சில் இறங்குகிறார். மறுபடி படுக்கை.

வலி சொல்கிறபடி வேலை செய்வது, வலி சொல்கிறபடி படுப்பது. இரண்டும் தப்பு என்பதுதான் பாடத்தின் மையம். வேலையை வலியை வைத்து அளக்காமல் நேரத்தை வைத்து அளக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். 15 நிமிடம் நடந்தால் வலி கூடுகிறதா? 10 நிமிடத்தில் நிறுத்துங்கள், வலி வராவிட்டாலும் நிறுத்துங்கள். வலி கொஞ்சம் இருக்கிற நாளிலும் அந்த 10 நிமிடத்தை நடந்துவிடுங்கள். சில நாள் கழித்து 11, பிறகு 12. கேட்கும்போது 'இதுக்குப் போயா ஒரு வகுப்பு?' என்று தோன்றும். செய்து பார்த்தால்தான் தெரியும். நல்ல நாளில் நிறுத்துவது கெட்ட நாளில் நடப்பதைவிடக் கஷ்டம்.

வலி திடீரென்று ஏறும் நாட்களும் வரும். அந்த நாளுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்வார்கள். எந்தப் பயிற்சியைப் பாதியாகக் குறைப்பது, வெந்நீர் ஒத்தடம் எப்போது, டாக்டர் சொன்ன மாத்திரை எது, எத்தனை நாள், யாரிடம் உதவி கேட்பது என்று எல்லாம் அதில் இருக்கும். நடுராத்திரி வலியில் புரளும்போது புதிதாக யோசிக்க முடியாது. அப்போது கையில் இருக்கிற தாள்தான் உதவும்.

தூக்கமும் பாடத்தில் உண்டு. மோசமாகத் தூங்கிய மறுநாள் வலி அதிகம் தெரியும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் ஐ.டி. ஊழியருக்கும், விடிய விடிய மெஷினில் உட்காரும் திருப்பூர் தையல்காரருக்கும் இதைச் சொல்வது எளிது, செய்யச் சொல்வது கஷ்டம். எந்தப் பாடத்திட்டமும் வேலை நேரத்தை மாற்றித் தராது. அந்த எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாத்திரையைப் பற்றிய பாடம்தான் நம்ம ஊருக்கு ரொம்ப அவசியம். மெடிக்கலில் பெயர் தெரியாமல் பேப்பர் கவரில் வாங்கிச் சாப்பிடும் 'செட் மாத்திரை'யில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஸ்டீராய்டு இருந்தாலும் தெரியாது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை குறைந்த நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு வரலாம். சர்க்கரை, பி.பி. இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இன்னொரு பக்கம், நரம்பு வலிக்கு டாக்டர் அமிட்ரிப்டிலினோ டுலாக்ஸிட்டினோ எழுதித் தருவார். நோயாளி வீட்டுக்குப் போய் செல்போனில் தேடுவார். 'மன அழுத்த மாத்திரை' என்று வரும். 'எனக்கென்ன பைத்தியமா?' என்று அன்றோடு நிறுத்திவிடுவார். இந்த மருந்துகள் வலித் தகவல் கடத்தப்படுவதையும் மட்டுப்படுத்தும், அதற்காகத்தான் தருகிறோம் என்று அரை நிமிடம் சொல்லியிருந்தால் அந்த மாத்திரை வீணாகியிருக்காது. தானாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

'வலி எத்தனை? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க'

இந்தக் கேள்வி நம்மவர்களுக்கு ஒட்டுவதே இல்லை. மதிப்பெண் போடச் சொன்னால் 'ரொம்ப வலிக்குது சார்' என்பார்கள். ஆனால் எப்படி வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, குத்தல், உளைச்சல், மதமதப்பு, 'விண்ணு விண்ணுன்னு தெறிக்குது', 'சுருக்சுருக்னு குத்துது', 'எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு' என்று கொட்டுவார்கள்.

இது வெறும் சொல் அலங்காரம் கிடையாது. எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது போன்றவை நரம்பு சம்பந்தப்பட்ட வலியைச் சந்தேகிக்க வைக்கும். அதற்கான மருந்து வேறு, சாதாரண வலி மாத்திரை அதில் பெரிதாகக் கேட்காது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் மூட்டுகள் பிடித்துக்கொள்வது என்றால் வாத நோய் பக்கம் பார்க்க வேண்டும். கனடா உளவியலாளர் ரொனால்ட் மெல்ஸாக் 1975-ல் உருவாக்கிய மெக்கில் வலிக் கேள்வித்தாள், வலியை வர்ணிக்கும் சொற்களை வைத்தே அமைந்தது. நம்மிடம் அப்படிப்பட்ட சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. கேட்கத்தான் ஆள் இல்லை.

நோயாளிக்குப் பாடம் எடுப்பதற்கு முன்பு நோயாளியிடம் பாடம் கேட்க வேண்டும் என்று இதற்காகத்தான் சொல்கிறார்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுதா?

ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னால், பேச்சு மட்டும் போதாது. 2019-ல் 'ஜாமா நியூராலஜி'யில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், புதிதாக முதுகு வலி வந்த 202 பேரில் ஒரு பிரிவினருக்கு இரண்டு முறை, தலா ஒரு மணி நேரம் வலி பற்றிய பாடம் எடுத்தார்கள். இன்னொரு பிரிவினரோடு அறிவுரை எதுவும் சொல்லாமல், அதே நேரம் அக்கறையாக உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில் வலியில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புது வலி பெரும்பாலும் தானே குறைந்துவிடும், அங்கே நீண்ட பாடம் தேவையில்லை என்பது இதில் கிடைக்கும் ஒரு புரிதல்.

நாள்பட்ட வலியில் படம் வேறு. 2023-ல் 'லான்செட்' இதழில் வந்த 'ரிஸ்டோர்' ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலியால் முடங்கிய 492 பேர் கலந்துகொண்டனர். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் 12 வாரத்தில் அதிகபட்சம் 7 முறை அவர்களைப் பார்த்தார்கள். உங்க வலியின் கதை என்ன, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டு, பயந்த அந்த அசைவையே மெல்ல மெல்லச் செய்யவைத்தார்கள். குனியப் பயந்தவரைக் குனியவைத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களின் வலியும் முடக்கமும் தெளிவாகக் குறைந்திருந்தன. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்தது.

அதே ஆய்வில் ஒரு பிரிவினருக்கு உடலில் சென்சார் கருவியும் மாட்டிப் பார்த்தார்கள். கருவியால் பெரிதாகக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. மெஷின் இருந்தால்தான் வைத்தியம் என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய தகவல்.

டி.வி.க்காரர்களான எங்களுக்குப் பிடித்த உதாரணம் இன்னொன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997-ல் முதுகு வலி பற்றி டி.வி. விளம்பரங்களை ஒளிபரப்பினார்கள். படுத்தே கிடக்காதீர்கள், நடமாடுங்கள், வேலைக்குப் போங்கள் என்பதே செய்தி. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் இந்த விளம்பரம் இல்லை. ரேச்சல் புக்பைண்டர் குழுவினர் 2001-ல் வெளியிட்ட முடிவின்படி, விக்டோரியாவில் மக்களின் நம்பிக்கை மாறியது, பொது மருத்துவர்களின் நம்பிக்கையும் மாறியது, முதுகு வலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. பக்கத்து மாநிலத்தில் அப்படி மாற்றம் இல்லை. பாடம் நோயாளிக்கு மட்டுமல்ல, டாக்டருக்கும் தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்.

மாத்திரைப் பக்கம் நிலைமை என்ன? மார்ஃபின் வகை மருந்துகளை நாள்பட்ட முதுகு, மூட்டு வலிக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த 240 பேர் கொண்ட அமெரிக்க ஆய்வு 2018-ல் வந்தது. மற்ற சாதாரண மருந்துகளைவிட அவை மேல் என்று நிரூபணமாகவில்லை. அதற்குள் அந்த மருந்துகளுக்கு அடிமையாகி அமெரிக்கா கொடுத்த விலை உலகத்துக்கே தெரியும். இந்தியா 2018-ல் டிரமடாலை போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. புற்றுநோய் வலி இதில் சேராது. அங்கே மார்ஃபின் அத்தியாவசிய மருந்து, பயந்து நிறுத்தக் கூடாது.

தமிழ்நாட்டில் யார் பாடம் எடுப்பது?

இங்கேதான் உண்மையான கேள்வி. வாய்ப்பு இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பி.பி., சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அதே ஊரைச் சேர்ந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். ஓ.பி.யில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. அந்த அம்மா எந்தத் தரையில் உட்கார்கிறார், எந்தப் படியில் ஏறுகிறார், தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று நேரில் பார்க்கலாம். 'என்ன அத்தை, நேத்து நடந்தீங்களா?' என்று மறுவாரம் கேட்கலாம்.

வலியோடு வாழ்கிறவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையும் புதிதல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் உருவாக்கிய மூட்டு நோய் வகுப்பு ஆறு வாரம் நடக்கும், நடத்துபவர்கள் அதே நோய் உள்ள சாதாரண மக்கள். டாக்டரைப் பார்த்துச் சொல்லத் தயங்குவதைக்கூடப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிடுவோம் அல்லவா? மகளிர் குழு வேரூன்றிய தமிழ்நாட்டுக்கு இது பொருந்தாமல் போக வழியில்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. தனியார் பிசியோதெரபி மையத்தில் ஒரு 'சிட்டிங்'குக்குக் கட்டணம் வாங்க மெஷின் வேண்டும். அரை மணி நேரம் கரன்ட் வைத்தால் காசு கொடுப்போம், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் 'சும்மா பேசி அனுப்பிட்டாங்க' என்போம். பேசுவதற்குக் கட்டணமும் இல்லை, மரியாதையும் இல்லை. அதை மாற்றாமல் வழிகாட்டுதல்களை எத்தனை முறை அச்சடித்தாலும் பெல்ட் விற்பனைதான் நடக்கும். அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள், பத்துப் பேரை ஒன்றாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தால், ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கொடுக்கும் டாக்டருக்கும் சுமை குறையும். இதற்குக் கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். தமிழில் நல்ல பாடக் குறிப்பும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும்.

எந்த வலியைச் சமாளிக்கக் கூடாது?

எல்லா வலியையும் 'அலாரம்தான்' என்று விட்டுவிடாதீர்கள். முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் இழுத்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி படுத்தாலும் குறையாத வலி என்றால் நம்ம நாட்டில் முதுகெலும்புக் காசநோயையும் பார்த்தாக வேண்டும். முன்பு புற்றுநோய் இருந்தவர்கள், கீழே விழுந்த வயதானவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் புது வலியைத் தள்ளிப்போடக் கூடாது.

இவை எதுவும் இல்லை, டாக்டர் பார்த்துவிட்டார், வலி மட்டும் மாதக்கணக்கில் தொடர்கிறது என்றால், அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது ஸ்கேன் கவரோடு ஒரு தாளும் எடுத்துப் போங்கள். வலிக்குப் பயந்து விட்டுவிட்ட மூன்று வேலைகளை அதில் எழுதுங்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, பஸ்ஸில் நின்று போவது, பேத்தியைத் தூக்குவது, எதுவானாலும் சரி. 'இதுல எதை முதல்ல திரும்ப ஆரம்பிக்கலாம், எப்படி?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை டாக்டர், பிசியோதெரபிஸ்ட் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம், பின்னால் கியூ நின்றாலும் பரவாயில்லை.